மகாராணி வாய் திறக்கும் இடம்

இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கிறது, விளம்பரங்களைச் சேர்த்தால் ரெண்டே கால், அதற்குள் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று கோமளா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கரண்ட் போகலாம். கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போகாத வாரம் உண்டா, இன்றைக்கென்று பார்த்து ஏன் இப்படி சமர்த்தாக இருக்கிறது. கேபிள்காரன் கூரை மேல் ஏறி ஏதாவது ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போகலாம். அண்ணிக்குத் தூக்கம் வரலாம். இந்தக் கடைசி ஆசைக்கு அவளே சிரித்துக்கொள்ள வேண்டியதுதான், மகள் அபி போன பிறகு அண்ணி மத்தியானத்தில் கண்ணை மூடி யாரும் பார்த்ததில்லை. அண்ணி சரளா டி.வி.க்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண் திரையில் இருந்தது, விரல்கள் தன்பாட்டுக்கு இலையை உருவின. திரையில் பனி பெய்தது. பனியில் ஒரு சீன ராஜா நெஞ்சில் அம்போடு செத்துக் கிடந்தார். பக்கத்தில் மண்டியிட்டிருந்த மகாராணி மெதுவாகத் தலையைத் தூக்கி, "இந்தப் பனி உருகுவதற்குள் இதைச் செய்தவன் யாரென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்" என்று கோமளாவின் குரலில் சொன்னாள். அண்ணி முறத்தைத் தட்டினாள். "ஐயே, நீயா அது! உன் குரல் மாதிரியே இல்ல கோமு. என்னா கம்பீரம்!" என்று சொல்லிச் சிரித்தாள். அண்ணி சிரித்து எத்தனை நாளாயிற்று.

இந்த டி.வி. ரெண்டு வருஷமாக மூடிக் கிடந்தது. அதன்மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி வைத்திருந்தாள் அண்ணி, அண்ணன் கிரிக்கெட் பார்க்க வேண்டுமென்றால்கூட எதிர்ஃபிளாட்டுக்குத்தான் போவான். இன்று காலையில் கோமளா வந்தபோது பெட்ஷீட்டைக் காணோம், திரையை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள், கேபிளுக்கு மறுபடியும் கனெக்‌ஷன் கொடுத்தாகிவிட்டது. உனக்காகத்தான் என்றாள் அண்ணி. இருபத்து நாலு வருஷம் டப்பிங் பேசியிருக்கே, எப்பப் பாத்தாலும் நர்ஸுக்குப் பேசினேன், காக்காவுக்குப் பேசினேன், கூட்டத்துல கத்தினேன்னு சொல்லுவ, இப்பத்தான் ஒரு ராணி கிடைச்சிருக்கா, அதைப் பாக்காம என்ன நாத்தனார் அண்ணி உறவு. யாரைக் குற்றம் சொல்வது. இவள்தானே போன் பண்ணிப் பீற்றிக்கொண்டாள். டப்பிங் தொடங்கிய முதல் நாள் சாலிகிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே வாய் நிற்காமல் அண்ணியைக் கூப்பிட்டு, அண்ணி மெயின் கேரக்டர் அண்ணி, படம் முழுக்க நான்தான், டி.வி.ல போடும்போது கட்டாயம் பாக்கணும், சத்தியம் பண்ணுங்க என்று சொன்னவள் இவளேதான். அண்ணி சத்தியம் பண்ணினாள். அந்த முதல் நாளில் கடைசி ரீலில் என்ன இருக்கிறதென்று கோமளாவுக்குத் தெரியாது. டப்பிங்கில் முழுப் படத்தையும் யார் உட்காரவைத்துப் போட்டுக் காட்டப் போகிறார்கள், அன்றன்றைக்கு உள்ள துண்டுகளைத்தான் ஓட்டுவார்கள், நின்ற இடத்தில் வாயைப் பார்த்துப் பேச வேண்டியதுதான். நாலாம் நாள்தான் அந்தத் துண்டு வந்தது. நாலாம் நாளுக்குப் பிறகு அவள் அண்ணியிடம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாமல் இருந்தால் மறந்துவிடுவாள் என்று நினைத்தாள். அண்ணியோ மறக்காமல் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

படத்தில் இப்போது சண்டை. மூங்கில் காட்டில் நுனிக்கு நுனி தாவிக்கொண்டே ரெண்டு பேர் வாள் வீசுகிறார்கள், மூங்கில் வளைகிறது, ஆள் விழவில்லை. கீழே நிற்கும் காவலாளி ஒருவன் இன்னொருவனிடம், "மாப்ள, மேல பாத்துனே இரு, எவன் விழறானோ அவன் செருப்பு எனக்கு" என்கிறான். அண்ணி மறுபடியும் சிரித்தாள். சீனாவின் ஏதோ ஒரு பழைய ராஜ்யத்துக் காவலாளி வியாசர்பாடி பாஷை பேசுவது மோசஸின் கைங்கரியம். மோசஸ்தான் டப்பிங் டைரக்டர், வசனமும் அவர்தான். முதல் நாளே எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்: இது பழங்காலத்து சோக நாடகம் ஒண்ணைத் தழுவி எடுத்ததாம், ஒரே இழவு, ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க, நம்ம ஜனம் ஞாயித்துக்கிழமை சாப்ட்டுட்டு பாக்கப்போறது, அதனால நடுநடுவுல நான் தூவியிருக்கேன். தூவித்தான் இருந்தார். அபி இருந்தால் இதற்குக் கைதட்டியிருப்பாள். சின்ன வயதில் ஒருதரம் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எப்படி அத்தை அவன் வாயி மூடுற நேரத்துல கரெக்டா நீயும் மூடுற என்று கேட்டாள். மூடுகிற இடத்தில் ப, ம வர வேண்டும் பாப்பா, அவன் உதடு ஒட்டினால் நாமும் ஒட்டணும், இல்லாவிட்டால் பொய் தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அபி பஸ்ஸில் யார் யார் பேசுகிறார்களோ அவர்கள் வாயைப் பார்த்துத் தன் இஷ்டத்துக்கு வசனம் போட்டுக்கொண்டு வந்தாள், கண்டக்டருக்குப் போட்டது இன்னும் நினைவிருக்கிறது, இல்லை, நினைவில்லை, கண்டக்டருக்குப் போட்டாள் என்பதுதான் நினைவிருக்கிறது, என்ன வசனம் என்பது போய்விட்டது. இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போகிறது. போக வேண்டியது மட்டும் போக மாட்டேன் என்கிறது. காதில் ஏறியது ஏறியதுதான். அபியின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று ராத்திரி பகலாக யோசித்தாலும் கோமளாவுக்குச் சரியாக வருவதில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டது, வேண்டாம், அதற்குள் போகாதே, படத்தைப் பார், ராணி பேசப் போகிறாள்.

ராணி புதிய ராஜாவைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சம்மதித்துக்கொண்டிருந்தாள். புருஷனைக் கொன்ற சேனாதிபதி அவன்தான் என்று அவளுக்குத் தெரியும், கிட்டே இருந்தால்தான் பழிவாங்க முடியும் என்பது அவள் திட்டம், மகளுக்கு அது தெரியாது, மகள் அம்மாவை வெறுத்துவிட்டு அரண்மனையை விட்டுப் போகிறாள். "உன்னைப் பெற்ற வயிற்றை நீ சபிக்கலாம், சபி" என்று ராணி சொல்கிற இடத்தில் கோமளா நன்றாகத்தான் பேசியிருந்தாள், அவளுக்கே தெரிந்தது, குரலைக் கீழே போட்டுப் பல்லுக்குள் வைத்துப் பேசியிருந்தாள். அண்ணி கீரை உருவும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அப்புறம் விளம்பரம் வந்தது, யாரோ ஒரு குழந்தை சட்டையெல்லாம் சேறாக்கிக்கொண்டு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டது. இதுதான் சமயம். கோமளா எழுந்து சமையலறைக்குப் போய் டீக்குப் பால் வைத்தாள், கேஸ் அடுப்பின் முன்னால் நின்று வாக்கியத்தைக் கூட்டிப் பார்த்தாள். அண்ணி, ஒரு விஷயம். அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணி, கடைசில நான் ஒண்ணு பண்ணிட்டேன். பண்ணிட்டேன் என்றால் என்ன பண்ணினாய் என்று கேட்பாள். என்ன பண்ணினேன்? உங்களுடையதை எடுத்துட்டேன் அண்ணி. எதை? இந்த இடத்தில் வாக்கியம் முட்டிக்கொண்டு நின்றது, ஒவ்வொரு தடவையும் இந்த இடம் வரைக்கும் வழுவழுவென்று வந்துவிட்டு நின்றது, பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகுகிற வாசனை வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த அறையில் அண்ணன் தணிகாசலம் குறட்டை விட்டான். சாப்பிட்டதும் படுத்துவிடுகிற ஆள், மின்வாரியத்தில் ரிட்டயர் ஆன பிறகு அவனுக்குத் தூக்கம்தான் உத்தியோகம். நல்லவேளை, அண்ணன் தூங்குகிறான். அந்த வராந்தாவில் அதைக் கேட்ட சொந்தக்காரர்கள் ரெண்டே பேர். ஒருத்தி இங்கே பால் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

டீயைக் கொடுத்துவிட்டு, தைரியத்தை வரவழைத்து, "அண்ணி, கடைசில ஒரு சாவு வருது. ராணி பொண்ணு செத்துடுது. வேணாமே, வேற ஏதாவது வைக்கலாம்" என்றாள். பாதி உண்மையைச் சொன்னாலும் சொன்னதுதானே. அண்ணி டம்ளரை வாங்கிக்கொண்டு, "தெரியும்டி. நேத்தே போட்டுக் காட்டிட்டானே விளம்பரத்துல, அந்தப் பொண்ணு பனியில கெடக்குறத" என்றாள். "அப்புறம் ஏன் அண்ணி?" "எத்தன நாளைக்கி ஒளிஞ்சிக்கிறது சொல்லு. ரோட்ல காலேஜ் பொண்ணுங்கள பாத்தா ஒளியிறேன், ஆஸ்பத்திரி போர்ட பாத்தா ஒளியிறேன். சினிமாதான. நீ பேசுனத நான் முழுசா கேக்கணும்." டீயை ஊதி ஒரு வாய் குடித்து, "அடி பிடிச்சுருக்கு" என்றாள். அவ்வளவுதான், அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. சாவைப் பார்க்க அண்ணி தயாராகத்தான் இருக்கிறாள். அண்ணிக்குத் தயார் ஆகாத ஒன்று அதில் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிகிற சமாசாரமே இல்லை, அதை எப்படிச் சொல்லித் தயார் பண்ணுவது. கோமளா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கால் தானாக ஆடியது. நிறுத்தினால் மற்றக் கால் ஆடியது.

நாலாம் நாள் சாயங்காலம் நாலரை இருக்கும். மைக்குக்கு முன்னால் வெந்நீர் ஃபிளாஸ்க், சிவப்பு லைட், காதில் ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோசஸ், சவுண்ட் என்ஜினியர். திரையில் ராணி பனியில் ஓடிவந்து, குப்புறக் கிடக்கிற உருவத்தைத் திருப்புகிறாள், மகளின் முகம் தெரிகிறது. ராணி வாயைத் திறக்கிறாள். ஹெட்போனில் ஒரிஜினல் சீன டிராக்கில் காற்று வீசுகிற சத்தம் மட்டும் வந்தது. அந்த நடிகை வாயைத் திறந்தபடியே இருக்கிறாள், ஒரு சத்தமும் போடவில்லை, பதினோரு செகண்ட் அப்படியே, பல்லில் பனி விழுகிறது, பிறகு மூடுகிறாள். சார், இதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார், சைலன்ட்டா இருக்கு என்றாள் கோமளா. மோசஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து மைக்கில் சிரித்தார். அம்மா, இந்த மௌனம் கிவுனமெல்லாம் அவங்க ஊரோட. நம்ம வீட்ல பாத்தா சவுண்ட் போயிடுச்சுன்னு டி.வி.ய தட்டுவான். வாய் தொறந்துதான இருக்கு, அழகா ஒரு அழுகையப் போடுங்க, லிப்புக்கு ஒட்டணும்ன்ற பிரச்சனையே இல்ல. அந்த நடிகையைக் கேட்டார்களா, அந்தப் படம் எடுத்தவனைக் கேட்டார்களா, ஒருத்தரையும் கேட்கவில்லை, திறந்த வாய் ஒன்று சும்மா கிடந்தது, நிரப்பச் சொன்னார்கள், இவளும் நிரப்பினாள். அஞ்சு டேக் போனது. ஐயோ மகளே என்று ஒன்று. வெறும் விசும்பல் ஒன்று. இது சீரியல் அழுகைம்மா, தினம் ஏழரைக்கு கேக்குறேன் இத என்றார் மோசஸ். ஆறாவது டேக்குக்கு சிவப்பு லைட் எரிந்தது, ராணி வாயைத் திறந்தாள், கோமளாவும் திறந்தாள், வந்தது அண்ணியுடையது.

அபிக்கு டெங்கு என்றார்கள், நாலு நாள் காய்ச்சல், தட்டணுக்கள் இறங்குகிறது என்றார்கள், ஏறுகிறது என்றார்கள், மறுபடியும் இறங்குகிறது. பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிற பெண், பரீட்சை ஹால் டிக்கெட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு கிடந்தாள். அஞ்சாம் நாள் காலையில் டாக்டர் வராந்தாவுக்கு வந்து நின்றார், அவர் வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அண்ணி முதலில் "ஆங்?" என்றாள், சரியாகக் காதில் விழாதவர்கள் கேட்பார்களே, அப்படி. அதிலிருந்தே அது கிளம்பியது. மேலே ஏறி, ஏறிய இடத்தில் உடைந்து, உடைந்த இடத்தில் மூச்சை இழுத்தாள், இழுக்கும்போதும் சத்தம் நிற்கவில்லை, உள்பக்கமாகக் கத்தினாள், அப்புறம் கீழே கீழே போய் மனுஷக் குரல் மாதிரியே இல்லாத ஒரு இடத்தில் போய் நின்றது. அண்ணன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான், கோமளா இன்னொரு பக்கம். பிறகு நர்ஸ் வந்து ஊசி போட்டாள். இதில் ஒரு விஷயம் இருக்கிறது, ரெண்டு வருஷமாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாளே தவிரக் கிட்டே போவதில்லை. அண்ணியைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தாரை தாரையாகக் கொட்ட, அபி அபி என்று அரற்றிக்கொண்டு நின்ற அதே நேரத்தில் இவள் காது மட்டும் அழவில்லை. காது கேட்டுக்கொண்டிருந்தது. ஏறிய இடத்தில் உடைகிறது பார், மூச்சு உள்ளே போகும்போது குரல் வருகிறது பார், இதை யாரும் பண்ணினதே இல்லை என்று அது பாட்டுக்குக் குறித்துக்கொண்டது. தொழில் புத்தி என்பார்கள். என்ன பெயர் வைத்தாலும் அருவருப்பாகத்தான் இருந்தது. தூக்கி வளர்த்த பெண் உள்ளே செத்துக் கிடக்கிறாள், இவள் வராந்தாவில் நின்று பாடம் படிக்கிறாள். அந்த ஆறாவது டேக் முடிந்ததும் ஸ்டூடியோவில் மோசஸ் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், என்ஜினியர் பையன் எழுந்து நின்று கை தட்டினான். இருபத்து நாலு வருஷத்தில் அவளுக்கு யாரும் கை தட்டினதில்லை. சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று யாரிடம் சொல்வது, வெளியே வந்து கடையில் நின்று நாலு பரோட்டா தின்றாள், அத்தனை பசி. ராத்திரி படுக்கும்போதுதான் யாருடைய சத்தத்துக்குக் கை தட்டினார்கள் என்பது உறைத்து எழுந்து உட்கார்ந்தாள். மறுநாள் மோசஸுக்கு போன் பண்ணி, சார் அந்தக் கடைசி அழுகைய மாத்திடலாமா, வேற நல்லா தரேன் என்று கெஞ்சினாள். பைத்தியமாம்மா நீ, மிக்ஸிங் முடிஞ்சு போயாச்சு என்று வைத்துவிட்டார்.

"இந்தாளு பரவால்லயே" என்றாள் அண்ணி. கோமளா திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் போயிற்று, நடுவில் ரெண்டு விளம்பரம் வந்துபோனதா, மணி நாலு ஆகப் போகிறது. புதிய ராஜா அரண்மனை வாசலில் நின்று ராணியின் மகளிடம் பேசிக்கொண்டிருந்தான். மகள் அவனைக் கொல்ல வந்து, மாட்டிக்கொண்டு, வாளைக் கீழே போட்டுவிட்டு நிற்கிறாள். "போ. நீயாவது இந்த இடத்தை விட்டு உயிரோடு போ" என்கிறான். வெளியே பனி. அவள் மெல்லிய உடுப்பில் நடுங்குகிறாள். ராஜா தன்னுடைய சிவப்பு மேலங்கியைக் கழற்றி அவள் தோளில் போடுகிறான், குளிருக்குத் தலையையும் மூடிவிடுகிறான். மூங்கில் காட்டுக்குள் ராணியின் வில்லாளிகள் காத்திருக்கிறார்கள். சிவப்பு மேலங்கி போட்டுக்கொண்டு யார் வந்தாலும் விடாதே என்பது உத்தரவு, ராணி கொடுத்த உத்தரவு, கோமளாவின் குரலில்தான் கொடுத்தாள், ஒரே டேக்கில் ஓக்கே ஆனது. "ஐயோ, அதப் போட்டுக்காதடி பொண்ணே" என்றாள் அண்ணி திரையைப் பார்த்து. அவளுக்குப் புரிந்துவிட்டது. கீரைக்காம்பைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

ரிமோட் கோமளாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தாள். சேனலை மாற்றினால் ஏன் மாற்றினாய் என்பாள். அணைத்தால் ஏன் அணைத்தாய் என்பாள். சத்தத்தை மட்டும் நிறுத்தினால்? இது ஏன் இத்தனை நேரம் தோன்றவில்லை. அந்தப் பதினோரு செகண்டுக்கு மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டால் போதும், அந்த நடிகை எப்படி வாயைத் திறந்து சும்மா இருந்தாளோ அப்படியே இருப்பாள், படம் எடுத்தவன் எடுத்தபடி ஆகிவிடும், கை தவறிப் பட்டுவிட்டது அண்ணி என்று சொல்லிவிடலாம். கட்டைவிரல் பொத்தான்மேல் போய் உட்கார்ந்தது. மகளின் குதிரை காட்டுக்குள் நுழைந்தது. இப்போது அமுக்காதே, ராணி ஓடிவரட்டும், சீக்கிரம் அமுக்கினால் சந்தேகம் வரும். அம்புகள் கிளம்பின. சிவப்புத் துணி சரிந்தது. ராணி ஓடிவந்தாள், காற்று சுழன்று அடித்தது. "கோமு, ஒண்ணும் கேக்கல, சவுண்ட கூட்டு" என்றாள் அண்ணி திரும்பாமல். அந்தக் குரலில் ஒரு அவசரம் இருந்தது, தண்ணீர் கேட்கிற குரல், அண்ணி எதையும் கேட்டே ரெண்டு வருஷம் ஆகிறது. கோமளாவின் விரல் நகர்ந்தது. சத்தம் கூடியது, கூடிக்கொண்டே போனது, விரலை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. சத்தியமாக, ஒரு ஓரத்தில், அண்ணி கேட்கட்டுமே என்றும் இருந்தது. ராணி உருவத்தைத் திருப்பினாள். முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

கூடம் முழுக்க அது நின்றது. "ஆங்?" என்று தொடங்கி, ஏறி, உடைந்து, உள்பக்கமாக இழுத்து. கோமளா திரையைப் பார்க்கவில்லை, அண்ணியின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, ரெண்டு, மூன்று என்று செகண்டுகள் போயின. அந்தக் கன்னத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. பதினொன்று முடிந்தது. ராணி வாயை மூடினாள், படம் சடக்கென்று நின்று ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. "பாவம், என்னா கத்து கத்துறா" என்றாள் அண்ணி, அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல. கையிலிருந்த காம்பை முறத்தில் போட்டுவிட்டு, "நல்லா பேசியிருக்க கோமு. எனக்கு அழுகையே வரல, ஆனா நல்லா பேசியிருக்க" என்றாள். அண்ணிக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது. கோமளா தப்பித்துவிட்டோம் என்று ஒரு மூச்சு விட்டாள், அந்த மூச்சு முடிவதற்குள் உள்ளறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது.

அண்ணன் ஓடிவந்தான். வேட்டி பாதி அவிழ்ந்து ஒரு கையில் இருந்தது, கண் முழுசாகத் திறக்கவில்லை. நேராக வந்து அண்ணியின் முன்னால் மண்டியிட்டு, ரெண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் புதைத்துக்கொண்டான். "பாக்காத சரளா, உள்ள பாக்காத, இப்படித் திரும்பு, என்னப் பாரு, நான் இருக்கேன், என்னப் பாரு" என்றான். முறம் கவிழ்ந்து கீரை சிதறியது. இதே வார்த்தைகள். வராந்தாவில் இதே வார்த்தைகளைத்தான் சொன்னான், கோமளா அதையும் கேட்டிருந்தாள். அண்ணி திணறிக்கொண்டு, "என்னங்க, என்னாச்சு, கனவு கினவு கண்டீங்களா, விடுங்க" என்றாள். அண்ணன் அவள் முகத்தை விலக்கிப் பார்த்தான். ஈரமில்லாத முகம். கன்னத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். டி.வி.யில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டே பாடினார்கள். அவன் டி.வி.யைப் பார்த்தான், பிறகு கோமளாவைப் பார்த்தான், அவள் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தான்.

"நீயா?" என்றான்.

அவளால் தலையை மட்டும் ஆட்ட முடிந்தது. அவன் அடிப்பான் என்று நினைத்தாள், அடித்தால் நன்றாக இருக்கும். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி அவனைப் பார்த்தாள், கோமளாவைப் பார்த்தாள். "என்ன நீயா? எதுக்கு ஓடிவந்தீங்க? யாரு கத்துனதா நெனச்சிங்க?" டி.வி. பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தது, கோமளா அணைத்தாள். அண்ணி மெதுவாக, தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல, "அது நானா?" என்றாள்.

"ஆமா அண்ணி" என்றாள் கோமளா. சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கொட்டிக்கொண்டு வந்தது. "ஆஸ்பத்திரில நீங்க கத்துனது. டாக்டர் வந்து சொன்னப்ப. எனக்கு அப்பவே மனசுல பதிஞ்சுபோச்சு. அந்த சீன்ல அவளுக்கு சத்தமே இல்ல அண்ணி, என்னப் போடச் சொன்னாங்க, எனக்கு வேற ஒண்ணும் வரல. தெரியாம வந்துடுச்சு. இல்ல, தெரிஞ்சுதான் செஞ்சேன், வாயத் தொறக்கும்போதே தெரியும். கைதட்டுனாங்க, நான் சந்தோஷப்பட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க. வீட்டுக்கு வராதன்னு சொன்னாகூட சரி."

அண்ணி அதையெல்லாம் கேட்டாளா என்று தெரியவில்லை. சிதறிக் கிடந்த கீரையைப் பார்த்தபடி இருந்தாள். "டாக்டர் வந்து நின்னது ஞாபகம் இருக்கு. சட்டையில பேனா குத்தியிருந்தாரு. அப்புறம் இந்தக் கூடத்துல அபிய நடுவுல படுக்க வெச்சு, நான் இதோ இந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன். நடுவுல ஒண்ணுமே இல்ல. பெத்தவ கண்ணுல ஒரு சொட்டு வரல பாரு, கல்லு மாதிரி உக்காந்திருக்கான்னு உங்க சித்தி யார்கிட்டயோ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அப்பவும் எனக்கு அழுகை வரல. ஒரு பொண்ணு, இருபது வருஷம் வளர்த்தது, அவளுக்கு நான் அழவே இல்லன்னுதான் ரெண்டு வருஷமா நெனச்சுட்டிருக்கேன். படுத்தா அதுதான். எழுந்தா அதுதான்." நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "நெஜமாவே நான் அப்படி அழுதேனாங்க?" அண்ணன் வாயைத் திறந்தான், குரல் வரவில்லை, ஆமாம் என்று தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"திருப்பிப் போட முடியுமா அத?" என்று கேட்டாள் அண்ணி. டி.வி.யில் முடியாது அண்ணி என்றாள் கோமளா. அண்ணி கவிழ்ந்த முறத்தைத் தள்ளிவிட்டாள். பிறகு தரையில் கையை ஊன்றி நகர்ந்து வந்து, கோமளாவின் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீ அழு" என்றாள். "நான் எப்படி அழுதேனோ அப்படியே. ஒண்ணும் விடாத. நான் கேக்கணும்."

கோமளா முடியாது என்று சொல்ல அண்ணனைப் பார்த்தாள், போதும் சரளா என்று அவனாவது சொல்லுவான் என்று பார்த்தாள். அண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தான், போய்க் கூடத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தான்.